சம்மிங் பெட்டியா, வால்யூம் குமிழா: வீட்டு ஸ்டூடியோவில் எது முதலில்?

வளசரவாக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் கூப்பிட்டான். விளம்பர ஜிங்கிள் ஒன்றுக்குப் பணம் வந்திருந்தது. கையில் இருக்கும்போதே ஏதாவது வாங்கிப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும் என்கிற அவசரம் குரலிலேயே தெரிந்தது.

“அண்ணா, எட்டு சேனல் அனலாக் சம்மிங் பெட்டி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. போட்டா மிக்ஸ் அகலமா கேக்குமாம். வாங்கிடட்டுமா?”

“அது இருக்கட்டும். இப்ப ஸ்பீக்கர் சத்தத்தை எதுல குறைக்கிறே?”

“மாஸ்டர் ஃபேடர்லதான்.”

“இறக்கினதை மறந்து அப்படியே பவுன்ஸ் பண்ணி, பாட்டு ஃபைலையே சின்னச் சத்தத்துல எடுத்ததில்லையா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ரெண்டு தடவை.”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அவனிடம் இருப்பது எட்டு லைன் அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (கணினிக்கும் ஒலிக் கருவிகளுக்கும் நடுவே நிற்கும் பெட்டி), ஐந்து அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பத்துக்குப் பதினொன்று அடி அறை. சென்னையில் வீட்டு ஸ்டூடியோ என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

முதலில் சம்மிங் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பல டிராக்குகளை ஒன்றாகக் கூட்டி இடது, வலது என இரண்டு சேனலாக்குவதுதான் சம்மிங். கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய கன்சோல்கள் ஆண்ட காலத்தில் சம்மிங் என்று தனியாக யாரும் பேசியதில்லை. கன்சோலின் வேலையே அதுதான். எல்லாம் கணினிக்குள் போன பிறகுதான், கன்சோலின் அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார்கள். கணினி டிராக்குகளைக் கூட்டும்போது தப்பு செய்கிறது, அதனால்தான் மிக்ஸ் குறுகிக் கேட்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. இன்றைய மென்பொருள்கள் 32 பிட் ஃப்ளோட்டிலோ 64 பிட்டிலோ கூட்டுகின்றன. அந்தக் கூட்டலில் வரும் பிழை காதுக்கு எட்டவே எட்டாது. பெட்டி கொடுக்கும் வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வருகிறது: ஆம்ப்ளிஃபையரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்க்கும் கொஞ்சம் ஹார்மானிக், சேனலுக்குச் சேனல் கசிவு, கொஞ்சம் இரைச்சல். அது பிடித்திருந்தால் வாங்கலாம், தவறில்லை. ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி. ஆனால் ரசமே கொதிக்காதபோது பெருங்காய டப்பாவைத் தேடுவதில் அர்த்தமில்லை.

எட்டு அவுட்புட் போதுமா? இந்தக் கேள்வியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எட்டு சேனல் பெட்டிக்கு எட்டு அவுட்புட்டும் போய்விட்டால் ஸ்பீக்கருக்கு எதிலிருந்து எடுப்பது? பெட்டியிலேயே மானிட்டர் அவுட் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் ஆறு சேனலோடு நிறுத்திக்கொண்டு ஒரு ஜோடியை மிச்சம் பிடிக்க வேண்டும். இன்டர்ஃபேஸில் ஏடாட் ஆப்டிக்கல் (ஒளிக்கேபிளில் எட்டு சேனல் அனுப்பும் சாக்கெட்) இருந்தால் வெளிக் கன்வெர்ட்டர் (டிஜிட்டலுக்கும் அனலாக்குக்கும் இடையே மாற்றித் தருவது) வழியாக இன்னும் எட்டு கிடைக்கும். அதுவும் 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 96-க்குப் போனால் அந்த எட்டு நான்காகச் சுருங்கிவிடும். பல இன்டர்ஃபேஸ்களில் ஹெட்ஃபோன் ஜாக் தனி ஜோடியாக மென்பொருளில் தெரியும். அவசரத்துக்கு அதையும் ஸ்பீக்கர் வழியாக்கலாம். புதிதாக இன்டர்ஃபேஸே வாங்குவதென்றால், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 மாதிரி பத்து லைன் அவுட் உள்ளதைப் பாருங்கள். எட்டு ஸ்டெம்முக்கு (குரல், தாளம் என்று பிரித்துத் தொகுத்த பகுதிகள்), இரண்டு காதுக்கு.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். அவன் முன்னால் நான் வைத்தவை நான்கு.

முதலாவது, சம்மிங்கே வேண்டாம். மானிட்டர் கன்ட்ரோலர் மட்டும். அதாவது இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கையால் திருகும் ஒரு குமிழ். இன்டர்ஃபேஸ் முன்பக்கத்தில் குமிழ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கெட்டதில்லை. கன்வெர்ட்டரின் டைனமிக் ரேஞ்ச் (அடி இரைச்சலுக்கும் உச்சச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 120 டிபி என்றால், 30 டிபி குறைத்தாலும் 90 மிச்சம் இருக்கிறது. மின்விசிறி சுற்றும் அறையில் அதற்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறோம்? என் கவலை தரம் பற்றியது அல்ல, பாதுகாப்பு பற்றியது. மென்பொருள் தொங்கி முழு வால்யூமில் இரைந்தால் கை உடனே போய் நிற்க ஒரு இடம் வேண்டும். அந்தக் குமிழ் கணினியின் தயவில் இயங்கக் கூடாது.

மேக்கி பிக் நாப் பாசிவ் போன்ற மின்சாரம் தேவைப்படாத பெட்டிகள் இதற்குப் போதும். பாசிவ் என்றால் ஹை எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உள்ளே 10 கிலோ ஓம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) என்றால் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் மோசமான நிலையிலும் 2.5 கிலோ ஓம். மூன்று மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 300 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து 200 கிலோஹெர்ட்ஸ் தாண்டித்தான் வெட்டத் தொடங்கும். அங்கே வௌவாலுக்கே வேலையில்லை. கேபிளைக் கூடம் தாண்டி அடுத்த அறைக்கு இழுக்காதவரை கவலை வேண்டாம்.

பாசிவில் நிஜமான தொல்லை வேறு. மலிவான குமிழைக் கீழே இறக்கும்போது இடதும் வலதும் ஒரே அளவில் குறையாது. பாட்டு ஒரு பக்கமாகச் சாயும். ராத்திரி பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் மிக்ஸ் செய்கிறவர்களுக்கு இது தினசரி வலி, ஏனென்றால் நாம் எப்போதும் குமிழின் அடிப்பகுதியிலேயே வாழ்கிறோம். வைத்தியம் சுலபம். ஸ்பீக்கர் பின்புறம் உள்ள லெவலைக் குறைத்துவிட்டால் முன்குமிழ் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் நிற்கும். ஒரு முறை பிங்க் நாய்ஸ் (அளப்பதற்கான இரைச்சல் ஒலி) போட்டு அளந்து, அந்த இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். 1,500 கன அடிக்கும் குறைவான அறைக்கு 76 டிபி என்பது அமெரிக்க ஒளிபரப்புத் தரமான ஏ/85 சொல்லும் அளவு. பத்துக்குப் பதினொன்று அறை பத்தடி உயரம் என்றால் 1,100 கன அடி, இதற்குள் வந்துவிடும். சினிமா தியேட்டரின் 85-ஐ இந்த அறையில் வைத்தால் அரை மணியில் காது சோர்ந்துவிடும்.

இரண்டாவது, பாசிவ் சம்மிங் பெட்டி. உள்ளே இருப்பது ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான். ரிச்சி தெருவில் ஒரு மத்தியானம் சுற்றினால் பாகங்கள் கைக்கு வந்துவிடும். எட்டு சேனல் பெட்டியில் பக்கத்துக்கு நான்கு. கூட்டும்போதே ஒவ்வொன்றும் நான்கில் ஒன்றாகக் குறையும், அதாவது 12 டிபி. லோடும் சேரும்போது இன்னும் கீழே போகும். கடையில் விற்கும் பாசிவ் பெட்டிகளில் 30, 40 டிபி வரை போவது சகஜம். அந்த இழப்பை மீட்க ஒரு ஜோடி நல்ல மைக் ப்ரீஆம்ப் வேண்டும். ஆக, நீங்கள் கேட்கப்போவது பெட்டியின் சத்தத்தை அல்ல, ப்ரீஆம்ப்பின் சத்தத்தை. நல்ல ப்ரீஆம்ப் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இது கெட்டிக்காரத்தனமான வழி. ரெண்டாயிரம் ரூபாய்க்குள் பரிசோதித்துவிடலாம். இல்லாதவருக்குப் பெட்டி சும்மா வந்தது, ப்ரீஆம்ப்புக்குக் கடன் வாங்கினேன் என்றாகிவிடும்.

மூன்றாவது, எல்லாம் ஒன்றாக உள்ள பெட்டி. டேஞ்சரஸ் மியூசிக்கின் டி-பாக்ஸ் இந்த வகைக்குப் பேர்போனது: எட்டு சேனல் சம்மிங், மானிட்டர் கன்ட்ரோல், டிஜிட்டல் இன்புட்டுக்குத் தனிக் கன்வெர்ட்டர், இரண்டு ஹெட்ஃபோன், டாக்பேக் (பாடுகிறவரோடு பேசும் மைக்). இப்படி ஒன்றை வைத்தால் ஒயரிங் பாதியாகக் குறையும், யோசனையும் குறையும். கூட்டிய மிக்ஸையும் கணினியிலிருந்து திரும்பி வருவதையும் ஒரே பட்டனில் மாற்றிக் கேட்கலாம். எதிர்ப்பக்கம் விலை. இறக்குமதி வரி, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று ஊர் வந்து சேரும்போது மனைவியிடம் சொல்ல முடியாத தொகையாகிவிடும். இன்னொன்று, எல்லாம் ஒரே பெட்டி என்பதால் பழுதானால் காதும் சேர்ந்து போகும். சர்வீசுக்குக் கொடுத்த வாரங்களில் ஸ்பீக்கருக்கே வழியிருக்காது.

நான்காவது, பழைய அனலாக் மிக்ஸர். மெல்லிசைக் குழுக்கள் டிஜிட்டல் மிக்ஸருக்கு மாறும்போது 16 சேனல் மிக்ஸர்களைத் தள்ளிவிடுகிறார்கள். சம்மிங் ரசிகர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. கன்ட்ரோல் ரூம் அவுட், டூ-டிராக் இன், ஹெட்ஃபோன், மியூட் எல்லாம் அதில் சும்மா வருகின்றன. ஆனால் மலிவான மிக்ஸரில் லைன் இன்புட்டும் சிக்னலைக் குறைத்து மைக் ப்ரீஆம்ப் வழியாகத்தான் போகிறது. ஒரே அளவு இரைச்சலுள்ள எட்டு சேனலைக் கூட்டினால் இரைச்சல் 9 டிபி ஏறும். அப்புறம் உப்புக் காற்று. நான் சில வருஷம் திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு ஃபேடரும் கர்புர் என்று பேசும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் மூன்று மாதம் தாங்கும், மறுபடி அதே கதை. பெரிய மிக்ஸரை மேஜையில் வைத்தால் ஸ்பீக்கர் சத்தம் அதன் மேல் பட்டு முகத்துக்கே திரும்பி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: எந்த இடத்தில் நின்று கேட்பது? கூட்டிய சிக்னலைக் கன்வெர்ட்டருக்குள் போவதற்கு முன்பே கேட்கலாம். அல்லது அது கணினிக்குள் போய்த் திரும்பி வந்த பிறகு கேட்கலாம். முன்னால் கேட்டால் தாமதம் குறைவு, சொகுசாக இருக்கும். ஆனால் இன்புட் கன்வெர்ட்டர் கிளிப் ஆனால், அதாவது அளவு மிஞ்சிச் சிதைந்தால், தெரியாது. ஸ்பீக்கரில் அழகாகக் கேட்டது ஃபைலில் கிழிந்திருக்கும். நான் திரும்பி வந்ததைத்தான் கேட்பேன். ஃபைலாக அனுப்பப் போவது அதுதானே. முன்னால் கேட்கும் வழியை இரண்டாவது பட்டனில் வைத்திருக்கிறேன், சந்தேகம் வந்தால் ஒப்பிட. ஒப்பிடும்போது இரண்டின் அளவும் 0.2 டிபிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தம் கூடினதைக் காது நல்லது என்று நம்பிவிடும். கடையில் கேட்டு மயங்கி வாங்கும் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

திரும்பி வருவதைக் கேட்பதில் ஒரு கண்ணிவெடி உண்டு, நான் மிதித்திருக்கிறேன். மிக்ஸைப் பதிவு செய்யப் புது டிராக் திறந்தேன். மென்பொருள் வழக்கம்போல் அதன் அவுட்புட்டை 1-2 என்று போட்டுவைத்தது. அந்த 1-2தான் சம்மிங் பெட்டிக்குப் போகிற ஜோடி. இன்புட் மானிட்டரிங்கை அழுத்தியதும் பெட்டியிலிருந்து வந்தது மறுபடி பெட்டிக்கே போய்ச் சுற்றத் தொடங்கியது. ராத்திரி பதினோரு மணி. அந்த ஊளைச் சத்தத்தில் மேல் வீட்டு மாமா கைலியோடு இறங்கி வந்துவிட்டார். ட்வீட்டர் பிழைத்தது அதிர்ஷ்டம். அன்றைக்கே ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்தேன்: பதிவாகும் டிராக்கின் அவுட்புட் 9-10 மட்டும், வேறெங்கும் கிடையாது. அந்த டிராக்கை ரெக்கார்டில் போடுவதற்கு முன் கை தானாகக் குமிழுக்குப் போகும்.

கேபிள் விஷயத்தில் இரண்டு மூன்று சொல்லிவிடுகிறேன். எட்டு சேனல் பெட்டிகளின் பின்னால் பெரும்பாலும் 25 பின் டி-சப் சாக்கெட் இருக்கும். டாஸ்கம் பின் வரிசை என்பது இதில் வழக்கம். யமஹா வரிசை வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிச் செருகினால் சேனல்கள் குழம்பும். சொந்தமாக சால்டர் செய்கிறவர்களுக்கு: டாஸ்கம் வரிசையில் முதல் சேனலின் ஹாட் 24, கோல்ட் 12, எர்த் 25, எட்டாவது சேனலுக்கு 1, 14, 2. பதின்மூன்றாவது பின் காலி. இருபத்து நான்கு சால்டரையும் முடித்த பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் மூடியைத் திருகாதீர்கள். நான் திருகினேன், அப்புறம் எல்லாவற்றையும் பிரித்தேன்.

ஒரு அவுட்புட்டை ஒய் கேபிளால் இரண்டு இன்புட்டுக்குப் பிரிப்பது பாவமில்லை. 100 ஓம் அவுட்புட், 10 கிலோ ஓம் இன்புட் இரண்டை இழுத்தாலும் இழப்பு 0.2 டிபிகூட வராது. தலைகீழாக இரண்டு அவுட்புட்டை ஒய் போட்டு ஒரே இன்புட்டில் சேர்ப்பது கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இதை இலவச சம்மிங் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். பிரிக்கும் வேலை அடிக்கடி வருமென்றால் ஹாஃப்-நார்மல் வசதியுள்ள (உள் இணைப்பு அறாமலே சிக்னலைப் பிரித்தெடுக்கும்) 48 பாயின்ட் பேட்ச்பே, அதாவது இணைப்புகளை முன்பக்கத்திலேயே மாற்றும் பலகை, ஒன்று போதும்.

எர்த் பற்றிச் சொல்லாமல் சென்னையில் இந்தப் பேச்சு முடியாது. அனலாக் பெட்டி ஒன்று நுழைந்ததும் அதுவரை இல்லாத ஹம் வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50-லும் 100-லும் முனகும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம், பேலன்ஸ்டு கேபிள் என்று இருந்தால் பாதி தீரும். இரண்டு பின் சார்ஜரோடு லேப்டாப் ஓடும்போது இன்டர்ஃபேஸைத் தொட்டால் விரலில் விறுவிறுக்கிறதா? சார்ஜரில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் அது. மூன்று பின் சார்ஜர் இருந்தால் மாற்றுங்கள். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை உடைத்து எறியாதீர்கள், உயிர் சமாச்சாரம். மேற்கு மாம்பலத்தில் இப்போது இருக்கும் பழைய வீட்டில் ஒவ்வொரு மே மாதமும் ஹம் ஏறும், ஐப்பசியில் தானாக அடங்கும். கேபிளைத்தான் வருஷக்கணக்கில் சந்தேகப்பட்டேன். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து, காய்ந்து கிடந்த எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான் வைத்தியம்.

இதையெல்லாம் வைத்துத் தம்பியின் வேலையைப் பார்ப்போம். அவனுக்கு வருவது விளம்பரம், குறும்படம், எப்போதாவது ஒரு பக்தி ஆல்பம். “குரலைக் கொஞ்சம் தூக்குங்க, வயலினை இறக்குங்க” என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வரும். சம்மிங் பெட்டி வழியாக மிக்ஸ் போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாட்டை முழு நீளத்துக்கு ஓட்டிப் பதிய வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு முழு மிக்ஸ், குரல் இல்லாதது, குரல் மட்டும், கரோக்கி என்று நான்கு கேட்டால் இருபது நிமிடம், அதுவும் எந்தக் குமிழும் நகராமல் இருந்தால். படத்துக்கு ஸ்டெம் கேட்கிறார்கள் என்றால் இன்னொரு சிக்கல்: அனலாக் பெட்டி நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. தனித்தனியாக ஓட்டிய ஸ்டெம்களைக் கூட்டினால் முழு மிக்ஸ் அப்படியே வராது. அட்மாஸ் (சுற்றிலும் பல ஸ்பீக்கர்களில் ஒலிக்கும் முறை) மிக்ஸுக்குப் போகும் வேலையில் இரண்டு சேனல் சம்மிங்குக்கு இடமே இல்லை.

ஆகவே என் ஓட்டு முதல் தேர்வுக்கு. பாசிவ் கன்ட்ரோலர், மிச்சப் பணத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கச் சுவர்களிலும் பின் மூலைகளிலும் நான்கு அங்குல ராக்வுல் பலகைகள். நல்ல ப்ரீஆம்ப் கைவசம் வந்த பிறகு இரண்டாவதை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். மூன்றாவது, மாதா மாதம் ஆல்பம் மிக்ஸ் செய்து, அந்தச் சத்தத்துக்காகவே ஆள் தேடி வரும் நிலைக்கு வந்தவருக்கு. நான்காவதை, இடமும் பொறுமையும் சகாய விலையும் ஒன்றாக அமைந்தால் மட்டும்.

“சரிண்ணா, ஆனா அந்தப் பெட்டியைப் பாத்துட்டாவது வரேன்” என்றான். ஆசை யாரை விட்டது? போகிறவன் சும்மா போகாதே என்று சொல்லி அனுப்பினேன்: பின்னால் வோல்டேஜ் சுவிட்ச் 230-ல் இருக்கிறதா பார். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியென்றால் 115-ல் இருக்கும், அப்படியே செருகினால் புகைதான். லேப்டாப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொண்டு போய் ஒவ்வொரு சேனலாக அனுப்பு. ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் அனுப்பினால் கூட்டல் பெருகி எதுவும் தெரியாது.

சாயங்காலம் போன் வந்தது. ஏழு சேனலும் ஒரே அளவு காட்டினவாம். ஆறாவது மட்டும் 2 டிபி குறைவு, ஜாக்கை ஆட்டினால் சரியாகிறது. விற்பவர் உடனே விலையில் மூவாயிரம் இறக்கினாராம்.

“வாங்கலையே?”

“இல்லண்ணா. டீ வாங்கிக் கொடுத்தார், குடிச்சிட்டு வந்துட்டேன்.”